பறவைகளின் குரல் ஏன் மாறுகிறது?

பொழுது புலரும் முன்பே அடுக்குமாடி வீடுகளுக்கு இடையில் நிற்கும் மரத்திலிருந்து "கூ... ஊ" என்று ஒரு குரல் எழுகிறது. அது தாழ்ந்து தொடங்குகிறது, படிப்படியாக உயர்கிறது, உச்சத்தில் சட்டென்று நின்று, மீண்டும் தொடங்குகிறது. சிங்கப்பூரிலும் மலேசிய நகரங்களிலும் வளரும் இளையருக்கு இந்தக் குயிலோசை பழகிப்போன ஒன்று. அதை விரும்பிக் கேட்போர் உண்டு. உறக்கம் கலைகிறதே என்று சலித்துக்கொள்வோரும் உண்டு. ஆனால், அரை நூற்றாண்டுக்கு முன்பு சிங்கப்பூரில் வளர்ந்தவர்களின் காலை இப்படி விடியவில்லை. அன்று குயில் ஆண்டில் சில மாதங்கள் மட்டும் வந்துபோன விருந்தாளி. அதற்கும் முந்திய தலைமுறையினர் கேட்டு வளர்ந்தது, வாலைத் தூக்கியபடி வேலியில் அமர்ந்து சீழ்க்கையடிக்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் பறவையின் பாட்டு.

ஓர் ஊரில் கேட்கும் பறவையொலி என்றும் ஒரே மாதிரி இருப்பதில்லை. அது மூன்று வகைகளில் மாறலாம். பாடும் பறவைகள் மாறலாம், பாடும் நேரம் மாறலாம், பாட்டே மாறிப்போகலாம். இம்மாற்றங்கள் மெல்ல நிகழ்வதால் பலர் காதில் அவை விழுவதில்லை. கூர்ந்து கேட்கும் ஒருவர், "இது முன்பு இப்படி இல்லையே, ஏன்?" என்று வினவும்போதுதான் ஆராய்ச்சி தொடங்குகிறது. அந்த வினாவுக்குரிய விடையைப் பறவையிடம் மட்டும் தேடினால் போதாது. அது வாழும் இடத்தில் என்ன மாறியது என்பதையும் பார்க்க வேண்டும்.

குயில் குடியேறிய கதை

முன்பு வடக்கே குளிர் மிகுந்த மாதங்களில் மட்டும் மலாயாத் தீபகற்பத்தின் தென்பகுதிக்கு வந்து, பருவம் மாறியதும் குயில்கள் திரும்பிச் சென்றன. அவை விரும்பி உண்ணும் பழங்கள் இங்கு நிறைய இருந்தன. ஆயினும், நிலையாகத் தங்கி இனம் பெருக்க அவற்றுக்கு இன்னொன்று தேவைப்பட்டது. குயில் கூடு கட்டாது. பிற பறவையின் கூட்டில் முட்டையிடும். எனவே, தன் குஞ்சை வளர்த்துக் கொடுக்கும் ஒரு 'செவிலித்தாய்' அதற்கு வேண்டும்.

அந்தச் செவிலித்தாயைக் கொண்டுவந்தவர்கள் மனிதர்களே. ஏறத்தாழ 1900ஆம் ஆண்டை ஒட்டி, கிள்ளான் வட்டாரக் காப்பித் தோட்டங்களில் கம்பளிப்புழுக்களின் தொல்லை மிகுந்திருந்தது. அவற்றை உண்ணட்டும் என்று இலங்கையிலிருந்து வீட்டுக் காகங்கள் கொண்டுவந்து விடப்பட்டன. காப்பித் தோட்டங்கள் பின்னர் மறைந்து அவ்விடங்களில் ரப்பர் வளர்ந்தது. காகங்களோ மறையவில்லை. துறைமுகங்களும் சந்தைகளும் குப்பைத் தொட்டிகளும் பெருகப் பெருக, அவையும் நகரங்களில் பெருகின. வந்துபோன குயில்களுக்கு இப்போது உணவும் கிடைத்தது. முட்டையிடக் காகத்தின் கூடும் கிடைத்தது. 1980களில் தொடங்கி, சிங்கப்பூரில் குயில் நிலையாகக் குடியேறிப் பரவியது. தோட்டத்துப் புழுக்களை ஒழிக்க எடுக்கப்பட்ட ஒரு முடிவின் விளைவு, பல பத்தாண்டுகள் கழித்துக் குயிலின் குரலாகச் சன்னல் ஓரத்தில் கேட்கிறது.

மறைந்த சீழ்க்கை

புதிய குரல் ஒன்று வந்ததை எளிதில் உணரலாம். பழைய குரல் ஒன்று நின்றுபோனதை உணர்வது கடினம். மேலே குறிப்பிட்ட கறுப்பு வெள்ளைப் பறவையின் பெயர் குண்டுக்கரிச்சான். மலாய் மொழியில் அதனை 'முராய் கம்போங்' என்பர். கம்பத்து வீடுகளின் தோட்டங்களில் அது தாராளமாக உலவிய காலம் ஒன்று இருந்தது. 1920களில் சிங்கப்பூரில் எங்கும் காணப்பட்ட இப்பறவை, 1970களின் இறுதியில் அரிதாகிவிட்டது.

இதற்கு ஒரே காரணத்தைக் கூறிவிட முடியாது. குண்டுக்கரிச்சான் மரப்பொந்துகளில் கூடு கட்டும். வெளியிலிருந்து வந்து பெருகிய மைனாக்களும் அத்தகைய பொந்துகளையே நாடின. கம்பங்கள் அழிந்து கட்டடங்கள் எழுந்தபோது அதன் வாழிடம் சுருங்கியது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் இனிய குரலை விரும்பியவர்கள் அதைப் பிடித்துக் கூண்டில் அடைத்தனர். 1980களில் சிங்கப்பூரில் குண்டுக்கரிச்சான்கள் மீண்டும் கொண்டுவந்து விடப்பட்டன. சட்டப் பாதுகாப்பும் அவற்றுக்கு உண்டு. இன்று புலாவ் உபின் முதலிய இடங்களில் அந்தச் சீழ்க்கையை மறுபடியும் கேட்க முடிகிறது.

'பாராவ்-பாராவ்' என்று மலாய் மொழியில் அழைக்கப்படும் கொண்டைக்குருவியின் நிலை இன்னும் கவலைக்குரியது. வைக்கோல் நிறத் தலையுடைய இப்பறவையின் குரல் மிக இனியது. அந்த இனிமையே அதற்கு ஆபத்தாக முடிந்தது. தென்கிழக்காசியாவில் அது ஓயாமல் பிடிக்கப்பட்டு விற்கப்பட்டது. தாய்லாந்துக் காடுகளிலிருந்து அது மறைந்தேவிட்டது. 2018ஆம் ஆண்டில் அழிவின் விளிம்பில் உள்ள பறவையாக அறிவிக்கப்பட்ட அதற்கு, இன்று சிறிய சிங்கப்பூரே முக்கியப் புகலிடங்களுள் ஒன்றாக விளங்குகிறது.

பாட்டைக் கற்கும் குஞ்சுகள்

பறவைகள் மாறுவது ஒருபுறம் இருக்க, ஒரே பறவையின் பாட்டும் மாறுவதுண்டு. இதனைப் புரிந்துகொள்ள, பறவைக்குப் பாட்டு எப்படி வருகிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

குயில் குஞ்சு காகத்தின் கூட்டில் காகம் ஊட்டிய இரையைத் தின்று வளர்கிறது. ஆயினும், வளர்ந்த பின் அது கரைவதில்லை, கூவுகிறது. குயிலின் கூவல் அதன் பிறப்போடு வருவது. அதற்கு ஆசான் தேவையில்லை. குண்டுக்கரிச்சான் போன்ற பாடும் பறவைகள் அப்படிப்பட்டவை அல்ல. அவற்றின் குஞ்சுகள் தம் இனத்து மூத்த பறவைகள் பாடுவதைக் கேட்கின்றன. மழலை போல் உளறிப் பார்க்கின்றன. தவறித் தவறிப் பயின்று, இறுதியில் பாட்டைக் கைவரப் பெறுகின்றன. இங்கிலாந்தைச் சேர்ந்த அறிவியலாளர் வில்லியம் தார்ப் 1950களில் 'சாஃபிஞ்சு' என்னும் சிறு பறவையின் குஞ்சுகளைப் பிற பறவைகளின் குரல் கேட்காமல் தனியே வளர்த்துப் பார்த்தார். வளர்ந்த பின் அவை பாடத்தான் செய்தன. ஆனால், அப்பாட்டு தம் இனத்தின் முழுமையான பாட்டாக இல்லாமல் குறைபட்டிருந்தது.

கற்றுக்கொள்ளும் ஒன்று இடத்துக்கு இடம் வேறுபடுவது இயல்பு. மதுரையில் பேசும் தமிழும், யாழ்ப்பாணத்தில் பேசும் தமிழும், ஈப்போவில் பேசும் தமிழும் ஒரே மொழியின் வட்டார வழக்குகள் அல்லவா? அதுபோலவே பறவைகளுக்கும் வட்டார வழக்கு உண்டு. பீட்டர் மார்லர் என்னும் ஆய்வாளர் 1960களில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் வெண்கொண்டைக் குருவிகளின் பாடல்களைப் பதிவு செய்து ஒப்பிட்டார். சில கிலோமீட்டர் தள்ளி வாழும் குருவிகளும் வேறு விதமாகப் பாடுவதை அவர் எடுத்துக்காட்டினார்.

இரைச்சலுக்கு நடுவே

கற்ற பாட்டைப் பாட அமைதியான இடம் வேண்டும். நகரத்தில் அது கிடைப்பதில்லை. கார், லாரி, பேருந்து ஆகியவற்றின் இரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில் அமைந்தது. ஆகவே, பறவைப் பாட்டின் தாழ்ந்த ஒலிகளை அது அமுக்கிவிடுகிறது. ஆண் பறவை பாடுவது பொழுதுபோக்குக்காக அன்று. தன் எல்லையை அறிவிக்கவும் துணையை அழைக்கவும் அது பாடுகிறது. பாட்டு கேட்காவிட்டால் எல்லையும் இல்லை, துணையும் இல்லை.

நெதர்லாந்தின் லைடன் நகரில் ஹான்ஸ் ஸ்லாபெகோர்ன் என்னும் ஆய்வாளர் பட்டாணிக்குருவிகளின் பாட்டை ஆராய்ந்தார். அமைதியான தெருவில் வாழும் குருவியைவிட, வாகன இரைச்சல் மிகுந்த சாலையோரத்தில் வாழும் குருவி உயர்ந்த சுருதியில் பாடியது. தாழ்ந்த ஒலிகளை அது தவிர்த்தது. 2003இல் இந்த முடிவு வெளிவந்தது. பின்னர் இலண்டன், பாரிஸ் உள்ளிட்ட பத்து ஐரோப்பிய நகரங்களிலும் அவற்றுக்கு அருகிலுள்ள காடுகளிலும் ஒப்பிட்டுப் பார்த்தபோதும் இதே போக்குத் தெரிந்தது. நகரத்துக் குருவிகளின் பாட்டு சுருதியில் உயர்ந்தும், வேகம் கூடியும் இருந்தது.

இரைச்சல்தான் காரணம் என்றால், இரைச்சல் குறையும்போது பாட்டும் மாற வேண்டும். ஆனால், ஒரு மாநகரத்தின் இரைச்சலை நிறுத்திப் பார்ப்பது எந்த ஆய்வாளராலும் ஆகாத செயல். 2020இல் பெருந்தொற்று அதைச் செய்தது. மக்கள் வீட்டுக்குள் முடங்கினர். சான் பிரான்சிஸ்கோவின் 'கோல்டன் கேட்' பாலத்தில் வாகனப் போக்குவரத்து 1950களில் இருந்த அளவுக்குக் குறைந்தது. எலிசபெத் டெரிபெரி என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அங்குள்ள வெண்கொண்டைக் குருவிகளின் பாட்டைப் பதிவு செய்து, சில ஆண்டுகளுக்கு முன் எடுத்த பதிவுகளோடு ஒப்பிட்டனர். குருவிகள் முன்பைவிட மென்மையாகப் பாடின. இரைச்சல் அமுக்கியிருந்த தாழ்ந்த ஒலிகளும் பாட்டுக்குத் திரும்பின. மெல்லப் பாடியபோதும் அவற்றின் குரல் முன்பைப் போல் இரண்டு மடங்கு தொலைவுக்குக் கேட்டது. நகரத்துப் பறவைகள் அதுவரை கத்திக்கொண்டிருந்தன என்பது, அவை கத்துவதை நிறுத்திய பிறகுதான் தெளிவாக விளங்கியது.

முதலில் தோன்றும் விடை

ஏன் என்ற வினாவுக்கு முதலில் தோன்றும் விடை எப்போதும் சரியாக இருப்பதில்லை. இங்கிலாந்து நகரங்களில் 'ராபின்' என்னும் செம்மார்புப் பறவை இரவில் பாடுவதுண்டு. பகலில் பாட வேண்டிய பறவை இரவில் ஏன் பாடுகிறது? தெருவிளக்கு வெளிச்சத்தைப் பகல் என்று எண்ணி ஏமாறுகிறது என்பதே எளிதில் தோன்றும் விளக்கம். கேட்பதற்கு அது பொருத்தமாகவும் உள்ளது.

ஷெஃபீல்டு நகரில் ஆய்வாளர்கள் இந்த விளக்கத்தைச் சோதித்துப் பார்த்தனர். ராபின்கள் இரவில் பாடிய இடங்களையும் பாடாத இடங்களையும் குறித்துக்கொண்டனர். ஒவ்வோர் இடத்திலும் இரவு வெளிச்சத்தை அளந்தனர். பகல் இரைச்சலையும் அளந்தனர். 2007இல் வெளியான முடிவு வேறு விதமாக இருந்தது. வெளிச்சத்தைவிடப் பகல் இரைச்சலுக்கே இரவுப் பாட்டோடு மிக நெருங்கிய தொடர்பு காணப்பட்டது. பகலில் இரைச்சல் மிகுந்த இடங்களில்தான் ராபின்கள் இரவில் பாடின. பகலில் தம் குரல் எடுபடாததால், ஊர் அடங்கிய நேரத்தை அவை தேர்ந்துகொண்டன என்று கருத இது இடமளித்தது. அளந்து பார்க்காமல் இருந்திருந்தால் பழி முழுவதும் தெருவிளக்கின் மீதே விழுந்திருக்கும்.

பாட்டின் மாற்றத்துக்கு எப்போதும் ஏதேனும் ஒரு தொல்லைதான் காரணம் என்றும் கூறிவிட முடியாது. கனடாவில் வாழும் வெண்தொண்டைக் குருவியின் பாட்டு மூன்றசைச் சந்தம் ஒன்றைத் திரும்பத் திரும்ப இசைத்து முடியும். 1990களின் இறுதியில், மேற்குக் கனடாவில் சில குருவிகள் அந்த முடிவை இரண்டசைச் சந்தமாக மாற்றிப் பாடுவதை கென் ஓட்டர், ஸ்காட் ராம்சே ஆகிய ஆய்வாளர்கள் கவனித்தனர். அடுத்த இருபது ஆண்டுகளில் அந்தப் புதிய பாட்டு கிழக்கு நோக்கி ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் தொலைவு பரவியது. மேற்கிலும் கிழக்கிலும் வாழும் குருவிகள் குளிர்காலத்தை ஒரே இடத்தில் கழிக்க நேரும்போது, ஒன்றின் பாட்டை மற்றொன்று கேட்டுக் கற்கிறது. வசந்தத்தில் அதைத் தன் ஊருக்கு எடுத்துச் செல்கிறது. பறவைகளின் உடலில் சிறு கருவிகளைப் பொருத்தி அவற்றின் பயணத்தைக் கண்டறிந்தபோது இது விளங்கியது. இந்த ஆய்வுக்குத் துணைநின்றவர்கள் அறிவியலாளர்கள் மட்டும் அல்லர். தங்கள் ஊரில் கேட்ட குருவிப் பாட்டைப் பதிவு செய்து அனுப்பிய பொதுமக்களும் அதில் பங்குகொண்டனர்.

ஆசான் இல்லாத பாட்டு

இதற்கு நேர்மாறான நிலை ஆஸ்திரேலியாவில் காணப்படுகிறது. அந்நாட்டின் தென்கிழக்குக் காடுகளில் 'ரீஜன்ட் தேனுண்ணி' என்னும் மஞ்சளும் கறுப்பும் கலந்த பறவை வாழ்கிறது. ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கில் கூட்டமாகப் பறந்த அது, காடுகள் அழிக்கப்பட்டதால் குறைந்து, இன்று காட்டில் சில நூறு மட்டுமே எஞ்சியுள்ளது.

இப்பறவைகளைத் தேடி அலைந்த ஆய்வாளர்கள், சில ஆண் தேனுண்ணிகள் வேறு பறவைகளின் குரலில் பாடுவதைக் கேட்டனர். 2021இல் ராஸ் கிரேட்ஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் அதன் காரணத்தை விளக்கினர். குஞ்சு கூட்டில் இருக்கும்போது தந்தைப் பறவை பெரும்பாலும் பாடாது. பாடினால் பகைவிலங்கு கூட்டைக் கண்டுபிடித்துவிடும். ஆகவே, இளம் ஆண் பறவை கூட்டைவிட்டு வெளியேறிய பிறகு, அக்கம்பக்கத்தில் உள்ள மூத்த ஆண் பறவைகளிடம்தான் பாட்டைக் கற்க வேண்டும். அக்கம்பக்கத்தில் தன் இனத்துப் பறவையே இல்லாதபோது, அது காதில் விழும் வேறு குரலைக் கற்றுக்கொள்கிறது. ஏறத்தாழ 12 விழுக்காட்டு ஆண் பறவைகள் தம் இனத்தின் பாட்டையே அறியாதிருந்தன. முறையான பாட்டைப் பாடத் தெரியாத பறவைகளுக்குத் துணை கிடைப்பதும் அரிதாக இருந்தது. எண்ணிக்கை குறைந்ததால் பாட்டு அழிகிறது. பாட்டு அழிவதால் எண்ணிக்கை மேலும் குறையக்கூடும்.

இதனால், பாதுகாப்பில் வளர்க்கப்படும் தேனுண்ணிக் குஞ்சுகளுக்கு இரை கொடுப்பதோடு பாட்டும் கற்பிக்க வேண்டியதாயிற்று. காட்டுத் தேனுண்ணிகளின் பாட்டுப் பதிவுகள் அவற்றுக்கு ஒலிபரப்பப்பட்டன. முறையாகப் பாடத் தெரிந்த ஆண் பறவைகளும் அவற்றுக்கு ஆசான்களாக அமர்த்தப்பட்டன. உயிரைக் காப்பது மட்டும் போதாது, அந்த உயிர் தன் தலைமுறைக்குக் கற்றுக்கொடுக்கும் பாட்டையும் காக்க வேண்டும் என்பதை இப்பறவை உணர்த்துகிறது.

கேட்பதும் குறிப்பதும்

இத்தனை ஆய்வுகளுக்கும் அடிப்படை ஒன்றே. யாரோ ஒருவர் செவிகொடுத்துக் கேட்டார். கேட்டதைக் குறித்து வைத்தார். அதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒரு குறிப்பேடும் கைப்பேசியில் உள்ள ஒலிப்பதிவு வசதியும் போதும். நாள், நேரம், இடம், வானிலை, கேட்ட பறவை ஆகியவற்றோடு அருகில் இருந்த இரைச்சலையும் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், பல வாரங்கள் தொடர்ந்து கேட்டால்தான் ஒப்பிட முடியும்.

அவசரப்பட்டு முடிவுக்கு வருவதும் கூடாது. ஒரு வாரம் குரல் கேட்கவில்லை என்பதற்காக, அந்தப் பறவை மறைந்துவிட்டது என்று சொல்ல இயலாது. பல பறவைகள் இனப்பெருக்கக் காலத்தில் மிகுதியாகப் பாடி, பிறகு அடங்கிவிடும். வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகள் செப்டம்பர் வாக்கில் வந்து, மார்ச், ஏப்ரல் மாதங்களில் திரும்பிவிடும். மழைநாளில் பாட்டுக் குறையலாம். இவற்றையெல்லாம் கழித்த பிறகும் மாற்றம் எஞ்சி நின்றால், அப்போது அந்த இடத்தில் வேறு என்ன மாறியது என்று தேட வேண்டும். புதிய சாலை வந்ததா? பழைய மரம் வெட்டப்பட்டதா? யாராவது கண்ணி வைக்கிறார்களா? ஊரில் நெடுநாள் வாழ்ந்த முதியவர்களைக் கேட்பதும் பயன் தரும். எந்த நூலிலும் எழுதப்படாத செய்திகள் அவர்கள் நினைவில் இருக்கும்.

சான் பிரான்சிஸ்கோ ஆய்வு நடந்ததற்குக் காரணம், பெருந்தொற்றுக்கு முன்பே யாரோ அந்தக் குருவிகளின் பாட்டைப் பதிவு செய்து வைத்திருந்ததுதான். அந்தப் பழைய பதிவுகள் இல்லையென்றால் புதிய பாட்டை எதனோடு ஒப்பிடுவது? இன்று ஓர் எளிய காலைப் பொழுதில் பள்ளித் திடலிலோ பூங்காவிலோ கேட்கும் குரல்களைக் குறித்து வைப்பவர், இருபது ஆண்டுகள் கழித்து அந்த இடத்தில் நின்று கேட்கப் போகும் ஒருவருக்கு உதவுகிறார். அவற்றுள் எந்தக் குரல் புதியது, எந்தக் குரல் காணாமற்போனது என்று அவரால் அப்போது சொல்ல முடியும்.